காட்டில் கூடாரம் யாருக்கு?

இரண்டாவது சனிக்கிழமையும் ஒரு பண்டிகையும் சேர்ந்து மூன்று நாள் விடுமுறை கிடைத்துவிட்டால் போதும், பெங்களூரில் தமிழர்கள் வசிக்கும் பேட்டைகளிலிருந்து ஒரு வேனாவது புறப்படாமல் இருப்பதில்லை. முன்பு இந்த வேன்கள் திருப்பதிக்கும் மேல்மருவத்தூருக்கும் மாதேஸ்வர மலைக்கும் போய்க்கொண்டிருந்தன. அப்புறம் ஊட்டி, குடகு, ஜோக் அருவி என்று ஆயிற்று. இப்போது காட்டுக்குள்ளேயே ஒரு ராத்திரி தங்க வேண்டும் என்ற ஆசை வந்திருக்கிறது. மலைமேல் கூடாரம், வாசலில் நெருப்பு, எதிரே யானைக் கூட்டம். பக்கத்து வீட்டுக்காரர் செல்போனில் எடுத்துவந்து காட்டிய படம் இந்த ஆசையைக் கிளப்பிவிட்டிருக்கும். பீன்யா தொழிற்பேட்டையில் லேத் ஓட்டுகிறவருக்கும் ஆபீசில் கணக்கு எழுதுகிறவருக்கும் இந்த ஆசை வரக்கூடாது என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் ஆசைக்கும் காட்டுக்கும் நடுவே சில கணக்குகள் இருக்கின்றன. அவற்றைப் பார்க்காமல் வேனுக்கு அட்வான்ஸ் கொடுப்பது சரியல்ல.

இந்த ஆசைக்குப் பொருத்தமாகப் பலரும் சொல்லும் இடம் கே.குடி. முழுப்பெயர் கியாத்ததேவர குடி. சாம்ராஜ்நகர் மாவட்டத்தில், பிளிகிரிரங்கன் மலைக்காட்டின் நடுவே இருக்கிறது. கன்னடத்தில் குடி என்றால் கோயில். பெயரைத் தமிழில் அர்த்தம் செய்துகொண்டு, அதற்கு வேண்டிய சாமான்களோடு புறப்படுகிறவர்களும் இருக்கிறார்கள் என்பது வேறு விஷயம். அவர்களைப் பற்றிப் பின்னால் பார்க்கலாம்.

பிளிகிரி என்றால் வெள்ளை மலை. செங்குத்தான வெண்பாறையின் தலையில் ரங்கநாதர் கோயில் இருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையையும் கிழக்குத் தொடர்ச்சி மலையையும் இணைக்கும் பாலம் போல இந்த மலை வரிசை வடக்குத் தெற்காகக் கிடக்கிறது. அடிவாரத்தில் முட்புதர். கொஞ்சம் ஏறினால் தேக்கும் வேங்கையும் நெல்லியும் நிற்கும் இலையுதிர்காடு. இன்னும் ஏறினால் புல்வெளி, அதன் மடிப்புகளில் எப்போதும் பச்சையாக இருக்கும் சோலை. மிக உயர்ந்த சிகரமான கட்டரி பெட்டா சுமார் 1800 மீட்டர். ஒரே நாள் பிரயாணத்தில் இத்தனை விதமான காட்டையும் பார்க்கக்கூடிய மலைகள் அதிகம் இல்லை. 1974-இல் இது சரணாலயமாயிற்று. 1987-இல் சுமார் 540 சதுர கிலோமீட்டராக விரிவாக்கப்பட்டது. 2011 ஜனவரியில் புலிகள் காப்பகம் என்று அறிவிக்கப்பட்டது. தெற்கே இது சத்தியமங்கலம் காட்டோடு சேர்ந்துவிடுகிறது. தாளவாடிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்களுக்கு இது சொந்த ஊரின் கொல்லைப்புறம்.

கே.குடி மைசூர் மகாராஜாக்களின் வேட்டை முகாமாக இருந்த இடம். இப்போது அங்கே கர்நாடக அரசுக்குச் சொந்தமான ஜங்கிள் லாட்ஜஸ் நிறுவனம் முகாம் நடத்துகிறது. 1980-இல் கபினிக் கரையில் துவங்கிய அதே நிறுவனம்தான். கூடாரம் என்றதும் சாரணர் முகாமில் ஆணி அடித்துக் கட்டுகிற துணிக் கொட்டகையை நினைத்துக்கொள்ளக் கூடாது. மேடை போட்டு நிரந்தரமாக நிறுத்திய கூடாரம். உள்ளே இரண்டு கட்டில், பின்னால் குளியலறை. மரத்தால் கட்டிய சில குடில்களும் உண்டு. மாலையிலும் காலையிலும் ஜீப்பில் காட்டுக்குள் அழைத்துப் போவார்கள். ஜீப்பில் போகாமல் கூடார வாசலில் சும்மா உட்கார்ந்திருந்தாலும் காட்டுப்பன்றிகள் பக்கத்திலேயே மண்ணைக் கிளறிக்கொண்டு போகும். புள்ளிமான் கூட்டம் வரும். வெளிச்சம் மங்கும் நேரத்தில் எங்கோ ஒரு மான் 'குயீ' என்று குரல் கொடுக்கும். மரத்தின் உச்சியிலிருந்து மந்தி இருமுவது போல் பதில் சொல்லும். சிறுத்தையோ புலியோ நடமாடுகிறது என்று அர்த்தம். அது கண்ணில் படுவது அபூர்வம். ஆனால் அந்தக் குரலைக் கேட்டவர்கள் அதை மறப்பதில்லை.

இவ்வளவுக்கும் ஓர் இரவுக்கு ஆகும் செலவை விசாரித்தால், நாலு பேர் உள்ள ஒரு குமாஸ்தாவின் குடும்பம் வாயை மூடிக்கொண்டு திரும்பிவிடும். மாதச் சம்பளத்தில் பெரிய துண்டு விழும். மகாராஜாவும் துரைமார்களும் கூடாரம் அடித்த இடத்தில் இப்போது மென்பொருள் கம்பெனி அதிகாரிகளும் வெளிநாட்டாரும் தங்குகிறார்கள். காடு எல்லோருக்கும் பொது என்றால் கூடாரம் மட்டும் ஏன் சிலருக்கு? இந்தக் கேள்வியைக் கேட்கிறவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. அதற்கு அவர்கள் சொல்லும் பரிகாரம்தான் நியாயமானதல்ல. "கூடாரத்தை நூறாக்கு, கட்டணத்தைக் குறை, அல்லது தனியாரை அனுமதி, போட்டியில் விலை தானாக இறங்கும்" என்கிறார்கள்.

தனியாரை விட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2021 ஜனவரி மாதம் ஒன்றே போதும். நீலகிரியில் மசினகுடி அருகே ஒரு தங்கும் விடுதிப் பக்கம் வந்த காட்டு யானை மீது எரியும் டயரை வீசினார்கள். காதில் பற்றிய நெருப்போடு அது அலறிக்கொண்டு ஓடியதைப் படமும் எடுத்திருந்தார்கள். காயங்களோடு திரிந்த அந்த யானை சிகிச்சைக்குக் கொண்டு போகும் வழியில் இறந்தது. இரண்டு பேர் கைதானார்கள். விடுதிக்கு உரிய அனுமதி இல்லை என்று தெரியவந்து சீல் வைத்தார்கள். அதே மாதத்தில், அதே காட்டுத் தொடரின் கேரளப் பக்கத்தில், வயநாடு மேப்பாடி அருகே மலைமேல் துணிக் கூடாரங்களில் ஆட்களைத் தங்கவைத்த ஓர் இடத்தில், இரவில் கூடாரத்துக்கு வெளியே நின்ற ஓர் இளம் ஆசிரியையை யானை மிதித்துக் கொன்றது. அந்த இடத்துக்கும் அனுமதி இல்லை என்று பின்னர் அதிகாரிகள் கூறினார்கள்.

ஓர் இடத்தில் மனிதன் யானையைக் கொன்றான், இன்னோர் இடத்தில் யானை மனிதரைக் கொன்றது. இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். யானை நடக்கும் வழியில் மலிவாகப் படுக்கை போட்டு விற்றார்கள். மசினகுடி விஷயத்தில் இன்னொரு வேதனையும் உண்டு. அதற்கு மூன்று மாதம் முன்புதான், 2020 அக்டோபரில், சீகூர்ப் பகுதியின் யானை வழித்தடத்தில் இருக்கும் விடுதிகள் அகல வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொல்லியிருந்தது.

குரங்கணியையும் மறக்கலாகாது. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்ட மலையில் சென்னையிலிருந்தும் ஈரோடு, திருப்பூர்ப் பக்கத்திலிருந்தும் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கினார்கள். இருபது பேருக்கு மேல் இறந்தார்கள். பெரும்பாலும் வேலைக்குப் போகும் இளைஞர்கள், இளம்பெண்கள். கோடை துவங்கிவிட்ட மாதத்தில், காய்ந்த போதைப்புல் நிறைந்த சரிவில், தீ வந்தால் எந்தப் பக்கம் இறங்க வேண்டும் என்று சொல்ல ஆளில்லாமல் நின்றார்கள்.

ஆகவே கே.குடியில் கூடாரங்கள் எண்ணி வைத்தாற்போல் இருப்பதும், இருட்டிய பிறகு கூடாரத்தை விட்டுக் கையில் விளக்கோ துணையோ இல்லாமல் நடக்காதே என்று சொல்வதும், தின்பண்டத்தைக் கூடாரத்துக்குள் வைக்காதே என்று எச்சரிப்பதும் பெரிய மனிதர்களின் பகட்டு அல்ல. பிஸ்கட் வாசனைக்குப் பன்றியும் குரங்கும் வரும். பழ வாசனைக்கு யானையே வரும். வந்தது யானையின் குற்றமாகிவிடும். 2012-இல் புலிகள் காப்பகங்களின் உட்பகுதியில் சுற்றுலாவே கூடாது என்று சுப்ரீம் கோர்ட் சில மாதங்கள் தடை போட்டிருந்தது. அந்த அக்டோபரில் தடையை நீக்கியபோது, உட்பகுதியில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் சுற்றுலாவுக்குத் திறக்கக் கூடாது என்பன போன்ற விதிகள் வந்தன. நூறு கூடாரம் கேட்பவர்கள் இதையெல்லாம் கேட்டதே இல்லை போலிருக்கிறது.

எண்ணிக்கை கூடாது. சரி. அப்படியானால் இருக்கிற சொற்ப இடம் யாருக்கு என்பதைப் பணப்பை மட்டும் தீர்மானிக்கலாமா? இங்கேதான் அரசு யோசிக்க வேண்டும்.

ரயில் பயணிகளுக்கு இது புரியாத விஷயமல்ல. பழைய மாதிரி ஸ்லீப்பர் பெட்டி ஒன்றில் 72 படுக்கை. எழுபத்து மூன்றாவது ஆளுக்கு இடமில்லை என்பதை எல்லோரும் ஒப்புக்கொள்கிறார்கள், முணுமுணுத்துக்கொண்டாவது. ஏன் ஒப்புக்கொள்கிறார்கள்? முன்னால் வந்து பதிவு செய்தவனுக்கு முன்னால் என்று ஒரு வரிசை இருக்கிறது. கீழ்ப் படுக்கை முதியவருக்கு, இத்தனை இடம் ராணுவத்தாருக்கு, இத்தனை இடம் நோயாளிக்கு என்று ஒதுக்கீடு இருக்கிறது. அதே வண்டியில் குளிர்சாதனப் பெட்டிக்கு அதிகக் கட்டணம் வாங்குவதால் யாரும் சண்டைக்கு வருவதில்லை, ஏனென்றால் அதே வண்டியின் இன்னொரு பெட்டியில் சாதாரண டிக்கெட்டும் கிடைக்கிறது. வண்டி முழுவதையும் குளிர்சாதனப் பெட்டியாக்கிவிட்டு "எல்லோரும் ஏறலாம்" என்று பலகை மாட்டினால்தான் கோபம் வரும்.

கே.குடி போன்ற முகாம்களில் சனி, ஞாயிறுகளில் இடம் கிடைப்பது கஷ்டம். திங்கள் முதல் வியாழன் வரை நெரிசல் குறைவு. அந்த நாட்களில் இரண்டு மூன்று கூடாரங்களையாவது குறைந்த வருமானமுள்ள குடும்பங்களுக்குக் குறைந்த கட்டணத்தில், குலுக்கல் முறையில் ஒதுக்க என்ன தடை? கூடாரம் ஒன்றுகூட அதிகமாகப் போவதில்லை. காட்டுக்குக் கூடுதல் பாரம் இல்லை. பேட்டைப் பிள்ளை ஒருவன் வருஷத்துக்கு ஒரு முறை காட்டில் விழித்தெழுவான். கர்நாடக வனத்துறை அரசுப் பள்ளி மாணவர்களைக் காட்டுக்கு அழைத்துப் போக 'சின்னர வன தர்சன' என்று ஒரு திட்டம் வைத்திருக்கிறது. நல்ல திட்டம். பெங்களூரில் அரசுப் பள்ளிகளில் படிக்கும் தமிழ்ப் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். தலைமையாசிரியரிடம் போய் இதைப் பற்றி விசாரித்த பெற்றோர் எத்தனை பேர் என்று எண்ணினால் ஒரு கை விரல்களே அதிகம். சலுகை இல்லை என்று குறைபடுவதற்கு முன் இருக்கிற சலுகையைக் கேட்டு வாங்கலாம்.

சோளிகர் சொத்து

கூடாரத்தில் இடம் கிடைக்காதவன் குறையைப் பேசினோம். வீடே போனவன் குறை ஒன்று அந்தக் காட்டில் இருக்கிறது. அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் மற்றக் குறையெல்லாம் சின்னது.

பிளிகிரிரங்கன் மலை சோளிகர்களின் மலை. தமிழ்நாட்டுப் பக்கம், பர்கூர் மலையிலும் தாளவாடி, சத்தியமங்கலம் காடுகளிலும் இவர்களைச் சோளகர் என்பார்கள். ச. பாலமுருகன் எழுதிய 'சோளகர் தொட்டி' நாவலைப் படித்தவர்களுக்கு, வீரப்பன் தேடுதல் வேட்டைக் காலத்தில் இவர்கள் இரு மாநிலப் போலீஸிடமும் பட்ட பாடு தெரிந்திருக்கும். இவர்கள் பேச்சு கன்னடம் போலவும் கேட்கும், தமிழ் போலவும் கேட்கும். மலைமேல் இருக்கும் ரங்கநாதரை இவர்கள் சாமி என்று மட்டும் கும்பிடுவதில்லை. சோளிகப் பெண் குசுமாலையை அவர் மணந்தார் என்பது இவர்கள் வழக்கு. அதனால் அவர் வீட்டு மாப்பிள்ளை. அக்காள் புருஷனை அழைப்பது போல 'பாவா' என்று உரிமையோடு கூப்பிடுகிறார்கள். அந்த ரங்கநாதருக்குப் பக்தர்கள் பெரிய தோல் செருப்புத் தைத்துக் காணிக்கை கொடுப்பதும் வழக்கம். இரவில் காட்டில் நடக்கிறவருக்குச் செருப்பு வேண்டாமா? பார்கவி ஆற்றங்கரையில் பல நூறு வருஷத்துச் செண்பக மரம் ஒன்று நிற்கிறது, தொட்டசம்பிகே என்று பெயர். அந்த மரமும் இவர்களுக்குத் தெய்வம்.

ஒன்றரை நூற்றாண்டுக்கு முன் சாண்டர்சன் என்ற ஆங்கில அதிகாரி சாம்ராஜ்நகருக்கு அருகே முகாம் போட்டு யானை பிடித்தார். 1878-இல் வேட்டை அனுபவங்களைப் புத்தகமாகவும் எழுதினார். துரைக்கு இந்த மலையில் தடம் பார்த்துச் சொன்னவர்கள் இந்தச் சோளிகர்கள்தாம். இன்றைக்கும் ஜீப்பில் உட்கார்ந்து "அதோ பார் காட்டெருமை" என்று வனக்காவலர் கைகாட்டினால், அந்தக் கை பல சமயம் சோளிகர் கையாகத்தான் இருக்கும்.

1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1974-இல் சரணாலயம் வந்தது. காட்டின் உள்ளே இடம் மாற்றி மாற்றி ராகி விதைத்து வாழ்ந்தவர்களை வெளியே கொண்டுவந்து சாலையோரங்களிலும் அடிவாரத்திலும் குடியமர்த்தினார்கள். அந்தக் குடியிருப்புகளைப் 'போடு' என்கிறார்கள். விவசாயம் போனது. தேன், நெல்லிக்காய், பாசி சேகரித்துக் கூட்டுறவுச் சங்கத்தில் விற்றுப் பிழைத்தார்கள். 2002-இல் சட்டம் திருத்தப்பட்டதைத் தொடர்ந்து அதற்கும் தடை வந்தது. ஒரு குடும்பம் தேனடை எடுத்தால் காடு அழியும், பத்து ஜீப் டீசல் புகையோடு சுற்றினால் அழியாது என்ற கணக்கு அந்த மக்களுக்கு விளங்கவில்லை. மற்றவர்களுக்கும் விளங்குவதாக இல்லை.

அவர்கள் சும்மா இருந்துவிடவில்லை. டாக்டர் எச். சுதர்சன் 1980-களின் துவக்கத்தில் இந்த மலைக்கு வந்து ஆஸ்பத்திரியும் பள்ளிக்கூடமும் துவக்கியவர். அவரது பணிக்கு 1994-இல் சுவீடனின் 'ரைட் லைவ்லிஹூட்' விருது கிடைத்தது. அந்தப் பள்ளிக்கூடங்களில் படித்த தலைமுறை சங்கம் வைத்தது, சட்டம் படித்தது, மனு எழுதியது. 2006-இல் வந்த வன உரிமைச் சட்டத்தின்கீழ் கிராம சபைகள் உரிமை கோரின. 2011-இல் இருபத்தைந்து கிராம சபைகளுக்குச் சமுதாய வன உரிமை கிடைத்தது. புலிகள் காப்பகம் ஒன்றுக்குள் இப்படிப்பட்ட உரிமை கிடைத்தது நாட்டில் அதுவே முதல் தடவை. புலிகள் காப்பகம் என்று அறிவித்த அதே ஆண்டில் இதுவும் நடந்தது என்பது கவனிக்கத்தக்கது.

காட்டை யார் நன்றாக அறிந்தவர் என்பதற்கு உண்ணிச்செடி ஒரு சாட்சி. தோட்டத்துக்கு அழகு என்று வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த செடி இது. இன்று காடு முழுவதும் முட்புதராக மண்டிக் கிடக்கிறது. புல் முளைக்க விடுவதில்லை. புல் இல்லாவிட்டால் மானுக்கும் காட்டெருமைக்கும் தீனி இல்லை. 1997-க்கும் 2008-க்கும் இடையில் இந்த மலையில் உண்ணிச்செடி பரவிய இடங்கள் ஏறத்தாழ இரு மடங்காகிவிட்டன என்று ஆய்வாளர்கள் அளந்து சொல்லியிருக்கிறார்கள். கோடை துவங்குமுன் தரையில் கிடக்கும் சருகை மட்டும் மெல்ல எரித்துவிடுவது சோளிகர் வழக்கம். அந்தச் சிறு தீயைத் தடுத்ததால்தான் புதர் மண்டியது, புதர் மண்டியதால்தான் இப்போது தீ வந்தால் பெருந்தீயாக வருகிறது என்று பெரியவர்கள் சொல்லுகிறார்கள். நெருப்பு என்றால் பதறும் அதிகாரிகள் இதை முழுவதும் ஏற்பதில்லை. ஏற்க வேண்டாம். உட்கார வைத்துக் கேட்கவாவது செய்யலாமல்லவா?

மலிவான தங்குமிடம் வேண்டும் என்றால் அதற்கு வழியும் இங்கேயே இருக்கிறது. காட்டின் நடுவே புதிய கூடாரம் வேண்டாம். கோயிலை ஒட்டியும் அடிவாரத்திலும் இருக்கும் போடுகளில், கிராம சபையே நடத்தும் எளிய தங்குமிடங்கள் வரட்டும். ராகிக் களியும் கீரைக் குழம்பும் போதும். வனத்துறை எண்ணிக்கையை நிர்ணயிக்கட்டும். காலையில் சோளிக இளைஞர் ஒருவர் அனுமதித்த பாதையில் நடத்திச் சென்று காட்டட்டும். ஜீப்பிலிருந்து பார்த்தால் புலி இல்லாத காடு வெறும் காடு. தெரிந்தவரோடு நடந்தால் ஒவ்வொரு சாணக் குவியலும் ஒரு சேதி சொல்லும். கட்டணம் குமாஸ்தாவுக்குக் கட்டுப்படியாகும். பணம் அந்த ஊரிலேயே நிற்கும்.

வேன்காரர்கள் கவனிக்க

இனி, பெயரைத் தமிழில் அர்த்தம் செய்துகொண்டவர்கள் விஷயம். மலைப் பாதையில் வேனை ஓரங்கட்டி, ஸ்பீக்கரைத் திருகிவிட்டு, ஸ்டவ் மூட்டி, பாட்டிலைப் பாறையில் உடைத்துவிட்டு வருகிறவர்கள் மூன்று மொழி பேசுகிறவர்களிலும் இருக்கிறார்கள். தமிழன் மட்டும் செய்கிறான் என்று சொன்னால் அது பொய். தமிழன் செய்வதில்லை என்று சொன்னால் அது பெரிய பொய். உடைந்த கண்ணாடி யானையின் உள்ளங்காலில் ஏறினால் அது பல நாள் சீழ் பிடித்துச் சாகும். குரங்குக்கு வீசும் முறுக்குப் பொட்டலம் குரங்கைச் சாலைக்கு இழுக்கும், அடுத்த பஸ் அதன்மேல் ஏறும். பிளாஸ்டிக் பையோடு மிச்சச் சோற்றை எறிந்தால் மான் பையையும் சேர்த்து விழுங்கும். அபராதம் போட்டால் "ஏழையைக் கண்டால் இளக்காரம்" என்று வாதாடுகிறவர்கள், ஏழைகளுக்குக் காட்டின் கதவை அடைக்க மற்றவர்களுக்குக் காரணம் எடுத்துக் கொடுக்கிறார்கள்.

"அவ்வளவு தூரம் போய் ஒன்றும் பார்க்கவில்லை" என்ற புலம்பலும் இதோடு சேர்ந்தது. ஒன்றும் என்றால் புலி. மரத்துக்கு மரம் தாவும் மலை அணில் கணக்கில் இல்லை. இரட்டை வால் நுனியில் துடுப்புக் கட்டிக்கொண்டு பத்துப் பறவைகளின் குரலைத் தானே பேசும் கரிச்சான் கணக்கில் இல்லை. மிருகக் காட்சி சாலையில் டிக்கெட் வாங்கினால் புலி காட்டியாக வேண்டும். காட்டில் அப்படி ஒப்பந்தம் கிடையாது. சத்தம் போடாமல், பச்சையோ காக்கியோ உடுத்தி, வாயை மூடிக்கொண்டு இருப்பவருக்குக் கிடைப்பது அதிகம். வாயை மூடுவதற்குப் பணம் தேவையில்லை.

கூடாரச் செலவு ஏலாதவர்களுக்கு ஒரு வழி எப்போதும் இருக்கிறது, பலர் அதை மதிப்பதில்லை. திருப்பதியிலிருந்து காட்பாடி, ஜோலார்பேட்டை, பெங்களூர், மைசூர் வழியாகச் சாம்ராஜ்நகர் வரை ரயில் போகிறது. மைசூரிலிருந்து அங்கே போகும் 61 கிலோமீட்டர் பாதை 2008-இல் அகலப் பாதையானது. சாம்ராஜ்நகரில் இறங்கி எளந்தூர் போனால், அங்கிருந்து கோயிலுக்குப் பஸ் கிடைக்கும். கும்பள்ளிச் சாவடியைத் தாண்டியதும் பஸ் காட்டுக்குள் ஏறுகிறது. ஜன்னலோர இருக்கை கிடைத்து, டிரைவரும் அவசரப்படாதவராக அமைந்துவிட்டால், ஜீப்பில் போகிறவர் பார்ப்பதில் பாதியையாவது பஸ் டிக்கெட்டில் பார்த்துவிடலாம். மான் நிச்சயம். காட்டெருமை அநேகமாக. யானை அதிர்ஷ்டம்.

அந்த ரயில் சாம்ராஜ்நகரோடு நின்றுவிடுவது பற்றி ஒரு வார்த்தை. மலையைக் குடைந்து சத்தியமங்கலம் வழியாக மேட்டுப்பாளையத்துக்குப் பாதை போட வேண்டும் என்ற கோரிக்கை மிகப் பழையது. போட்டால் மைசூரிலிருந்து கோவைக்குப் போகிறவர்கள் பெங்களூர், சேலம் என்று சுற்ற வேண்டியதில்லை. தீபாவளிக் கூட்டத்தில் கழிப்பறை வாசலில் நின்றுகொண்டு ஊருக்குப் போகிறவர்களுக்கு இது சாதாரணச் சலுகையல்ல. ஆனாலும் அந்தப் பாதை யானைக் காட்டின் நட்ட நடுவே போக வேண்டும். கோவை–பாலக்காடு பாதையில் மதுக்கரைப் பக்கம் 2021 நவம்பரில் ஒரே இரவில் மூன்று யானைகள் ரயிலில் அடிபட்டு இறந்தன. அதற்குப் பிறகு அங்கே சுரங்க வழியும் கண்காணிப்புக் காமிராவும் வந்தன. இருக்கிற பாதைக்கே இவ்வளவு பாடு. கோரிக்கை கிடப்பில் கிடப்பதில் பிரயாணிகளுக்கு நஷ்டம்தான். அந்த நஷ்டத்தைத் தாங்கிக்கொள்ளலாம் என்று சொல்ல மனம் துணிய வேண்டும். திம்பம் மலைப்பாதையில் 2022 முதல் இரவு வாகனங்களுக்குக் கட்டுப்பாடு வந்தபோது தாளவாடிக்காரர்கள் கொதித்தார்கள். உள்ளூர்க்காரர்களுக்கு விலக்குக் கிடைத்தது. லாரிகள் பகலுக்கு மாறின. காய்கறி இன்றும் சந்தைக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறது.

தமிழ்ச் சங்கங்களும் தொழிற்சங்கங்களும் சுற்றுலாத் துறைக்கு மனுக் கொடுப்பதானால் மூன்றே வரி போதும். கூடார எண்ணிக்கையைக் கூட்டாதே. வாரநாட்களில் சில கூடாரங்களைக் குலுக்கலில் கொடு. மலிவுத் தங்குமிடத்தைச் சோளிகர் கிராம சபைகள் கையில் விடு. நாலாவது வரியாகச் சொந்த உறுப்பினர்களுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பலாம். ஸ்பீக்கரையும் பாட்டிலையும் வீட்டில் வைத்துவிட்டு வரவேண்டும், பொழுது சாய்வதற்குள் கடைசிப் பஸ்ஸில் ஏறிச் சாவடியைத் தாண்டிவிட வேண்டும் என்று.